நாலரைக் கோடிப் புள்ளியும் ஒரு திருகும்

கல்யாணத் தரகர் சொல்லுகிற குணங்கள் வேறு. குடித்தனம் நடத்துகிறவர்கள் கண்டறிகிற குணங்கள் வேறு. தரகர் படிப்பைச் சொல்லுவார், சம்பளத்தைச் சொல்லுவார், மாடி வீட்டைச் சொல்லுவார். நேரம் கழித்து வருகிறவருக்காகச் சோற்றை மூடி வைக்கிற மனம் உண்டா, தூங்குகிறவர்களை எழுப்பாமல் கதவைச் சாத்தத் தெரியுமா என்பதெல்லாம் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இராது. ஆனால் நாற்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்வதற்கு இந்த இரண்டாவது ஜாபிதாதான் வேண்டியிருக்கிறது.

சாமான்களின் கதையும் இப்படித்தான். முக்கியமாக, விலை உயர்ந்த காமிராவின் கதை. கடைக்காரர் புள்ளிக் கணக்குச் சொல்லுவார், வேகம் சொல்லுவார். வாங்குகிறவரும் அதைக் கேட்டுக்கொண்டு, சிநேகிதர்களிடம் அதையே திருப்பிச் சொல்லுவார். காமிராவின் முதுகிலும் தோளிலும் ஒதுங்கியிருக்கும் சின்னத் திருகுகளையும் பொத்தான்களையும் பற்றி இருவருமே வாய் திறப்பதில்லை.

என் தங்கை மகன் ஒரு காமிரா வைத்திருக்கிறான். நிக்கான் டி850 என்று பெயர். அந்தக் கம்பெனி தொடங்கி நூறு வருஷம் நிறைந்த 2017-ல் வெளிவந்தது. கையில் வாங்கினால் ஒரு கிலோ கனம். இரண்டு வருஷ வேலையாக வெளிநாடு போகிறவன், போகிறபோது அதை என்னிடம் ஒப்படைத்தான்.

"சும்மா கிடந்தால் பூஞ்சை பிடிச்சிரும் மாமா. அப்பப்போ எடுத்துப் புழங்குங்க. நாலரைக் கோடிப் புள்ளி, தெரியுமா?" என்றான். திரும்பி வந்ததும் இதை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கப் போகிறானாம். 2021-ல் அதே கம்பெனி வெளியிட்ட இஸட் 9 என்ற காமிராவில் இயந்திர ஷட்டரே கிடையாதாம். அதன் மேல்தான் இப்போது அவனுக்குக் காதல்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். எந்தப் புத்தகம் கிடைத்தாலும் முதல் பக்கத்திலிருந்து படிப்பது என் வழக்கம். காமிராவோடு வந்த கையேட்டையும் அப்படித்தான் படித்தேன். ஒரு நாவலின் கனம் இருந்தது அதற்கு. சில அத்தியாயங்கள் தூக்கம் வரவழைப்பவைதான், மறுக்கவில்லை. ஆனால் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புலப்பட்டது. ஒவ்வொரு சின்ன வசதிக்குப் பின்னாலும் எங்கோ ஒரு மனிதர் பட்ட கஷ்டம் இருக்கிறது. இருட்டில் பொத்தானைத் தேடித் தவித்தவர், கிட்டப்பார்வைக்காரர், சத்தத்துக்குப் பயப்பட வேண்டிய இடத்தில் நின்றவர், படத்தில் தானும் இருக்க ஆசைப்பட்டவர் என்று எத்தனையோ பேர். முகம் தெரியாத அந்த மனிதர்களின் கஷ்டத்தை, ஜப்பானில் முகம் தெரியாத இன்னொருவர் உட்கார்ந்து கற்பனை செய்திருக்கிறார். என் தொழிலும் ஏறக்குறைய அதுதானே!

முதலில் இருட்டைப் பற்றிச் சொல்கிறேன். பாளையங்கோட்டைத் தசரா பார்த்தவர்களுக்குத் தெரியும். பன்னிரண்டு அம்மன்களும் சப்பரத்தில் வந்து வரிசையாக நிற்கிற ராத்திரியில் சப்பரத்தின் மேலெல்லாம் வெளிச்சம். நாம் நிற்கிற இடத்தில் மட்டும் இருட்டு. இடமும் வலமும் முழங்கைகள். அந்த நெரிசலில் காமிராவைக் கண்ணருகே தூக்கிக்கொண்டு, எது எந்தப் பொத்தான் என்று விரலால் தடவிக்கொண்டிருப்பவர்களை வருஷாவருஷம் பார்க்கிறேன். செல்போன் விளக்கைப் பல்லில் கவ்விக்கொண்டு தேடிய ஒருவரையும் பார்த்தேன். இந்தக் காமிராவை முடுக்குகிற வளையத்தை வழக்கமான இடத்துக்கு அப்பாலும் ஒரு தள்ளுத் தள்ளினால், பொத்தான்களின் மேல் உள்ள எழுத்துக்கள் மங்கலாக ஒளிவிடுகின்றன. அடுத்தவர் கண்ணைக் கூசச் செய்யாத வெளிச்சம். இதற்கென்று தனிப் பொத்தானும் இல்லை. எப்படியும் விரல் போகிற இடத்திலேயே அதை வைத்துவிட்டார்கள்.

அதே சப்பர வெளிச்சத்தில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதில் எரிகிற குழல் விளக்குகளும் எல்.இ.டி. விளக்குகளில் பலவும் விநாடிக்கு 100 தடவை பிரகாசித்து மங்குகின்றன. நம் கண் அதை உணராது. வேகமான ஷட்டர் உணரும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று சோகை பிடித்தும் வருவது இதனால்தான். படம் எடுப்பவர் தம் கையை நொந்துகொள்கிறார். சில சமயம் காமிராவையும். கையேட்டில் இதற்கு ஒரு வரி இருக்கிறது. பட்டியலில் தேடி அந்த வசதியை முடுக்கி வைத்தால், நாம் பொத்தானை அமுக்கியதும் காமிரா ஓர் இமைப்பொழுது பொறுத்து, விளக்கு உச்சத்தில் எரிகிற தருணம் பார்த்துக் கதவைத் திறக்கிறது. நாதஸ்வரக்காரருக்குத் தவில்காரர் இடம்விட்டு வாசிக்கிற மாதிரி!

இனி, சத்தம். நாங்குநேரித் தாலுகாவில் கூந்தன்குளம் என்று ஒரு கிராமம். 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அந்த ஊர்க்காரர்களோ அதற்கு வெகு காலம் முன்பே பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாக அறிவித்துவிட்டவர்கள். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டுக் கொல்லையில் உள்ள மரத்திலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்து வந்து இறங்குகிறது. பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட அங்கே வெடி வெடிப்பதில்லை. பண்டிகை நாளில் குழந்தைகளின் ஆசையைக் கட்டிப்போடுவது லேசான காரியமா? ஓர் ஊரே சேர்ந்து அதைச் செய்கிறது.

அப்படிப்பட்ட ஊருக்குள் போய், ஒவ்வொரு படத்துக்கும் 'டப், டப்' என்று கண்ணாடி தூக்கி அடிக்கிற காமிராவை நீட்டுவது எனக்கு உறுத்தியது. டி850-ல் மௌனமாகப் படம் எடுக்க ஒரு வழி உண்டு. கண்ணாடியை மேலேயே நிறுத்திவிட்டு, பின்புறத் திரையைப் பார்த்து எடுக்க வேண்டும். படம் எடுத்ததே தெரியாது. தாய் நாரை தலையைக்கூடத் திருப்பவில்லை. ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த முறையில் காமிரா காட்சியை வரி வரியாகத்தான் வாசிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் சிறகடித்த பறவையின் இறக்கை வளைந்து போகும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கே இது பொருந்தும். கூட்டில் உட்கார்ந்திருப்பதுதானே மிரளக் கூடாது? பறக்கிற பறவை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அந்தத் திரையை வெளியே இழுத்து மேல் நோக்கிச் சாய்த்துக்கொள்ளவும் செய்யலாம். காமிராவை இடுப்பளவில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்து எடுக்கலாம். கூந்தன்குளத்துத் தெருவில் ஒரு சின்னப் பெண் வந்து எதிரே நின்றாள். முகத்தைக் காமிராவால் மறைத்துக்கொண்டிருந்தால் அவள் ஓடியிருப்பாள். நான் அவளோடு பேசிக்கொண்டே, அவள் கண் மட்டத்திலிருந்து எடுத்தேன். அந்தக் காலத்து ரோலிஃப்ளெக்ஸ் காமிராவில் குனிந்து பார்த்து எடுத்தவர்களுக்கு இந்த மரியாதை புதிதல்ல.

ரோலிஃப்ளெக்ஸ் என்றதும் பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணாச்சியின் நினைவு வருகிறது. அவரைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அண்ணாச்சிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ஊரில் நடந்த கல்யாணங்களில் பாதியை அவர்தான் எடுத்திருப்பார். ஸ்டூடியோவை மூடிச் சில வருஷமாகிறது. திரைச்சீலையில் வரைந்த பளிங்குப் படிக்கட்டும், குழந்தைகளை உட்கார வைக்கிற மர யானையும் இன்னும் உள்ளே இருக்கின்றன. ஒரு நாள் சாயங்காலம் காமிராவை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஆசையோடு வாங்கிக் கண்ணில் வைத்தார். வைத்த வேகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஒண்ணும் துலங்கலை தம்பி. கண்ணு போச்சு. அதான் விட்டுட்டேன். போன வருஷம் பேரன் காமிராவிலேயும் இப்படித்தான் இருந்தது."

அவர் குரலில் புகார் இல்லை. தீர்ப்பு வந்து, அதை ஏற்றுக்கொண்டவர் குரல் அது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

எனக்குக் கிட்டப்பார்வை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதற்காக, பார்வைத் துளையின் பக்கத்தில் உள்ள திருகை என் கண்ணுக்குத் தக்கபடி வைத்திருந்தேன். அவருக்கோ வெள்ளெழுத்து. என் கண்ணுக்குத் துலங்குவது அவர் கண்ணுக்கு எப்படித் துலங்கும்? அந்தத் திருகை முதலில் வெளியே இழுத்து, பிறகு சுழற்ற வேண்டும். தற்செயலாக விரல் பட்டு மாறிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. சுழற்றும்போது எதிரே உள்ள காட்சியைப் பார்க்கக் கூடாது. பார்வைத் துளைக்குள் தெரியும் கோடுகளையும் எண்களையும் பார்க்க வேண்டும். அவை கூர்மையானால் கண்ணும் காமிராவும் ஒத்துப்போயிற்று என்று அர்த்தம். படத்தின் தெளிவு இதனால் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. இது முழுக்க முழுக்கப் பார்க்கிறவருக்காகச் செய்த உபகாரம்.

அண்ணாச்சி கண்ணில் வைத்துக்கொண்டார். நான் திருகைச் சுழற்றினேன். "நில்லு, நில்லு... போதும்" என்றார். அப்புறம் வெகு நேரம் பேசவில்லை. வாசல் வேப்பமரத்தை, எதிர்வீட்டுக் கிராதியை, திண்ணையில் படுத்திருந்த நாயை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். காமிராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "கண்ணு போகலை போலிருக்கே" என்றார்.

இந்தத் திருகு இல்லாத நல்ல காமிரா இன்று அபூர்வம். பேரன் காமிராவிலும் இருந்திருக்கும். ஒரு விரற்கடைத் திருகைப் பற்றி யாரும் சொல்லாததால், ஒருவர் தம் தொழிலே முடிந்துவிட்டது என்று எண்ணி உட்கார்ந்திருக்கிறார். புள்ளிகளை எட்டுக் கோடி, பத்துக் கோடி என்று பெருக்கிக்கொண்டே போனாலும் அவருக்கு என்ன பிரயோஜனம்?

இதற்குச் சில மாதங்களுக்கு முன், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். தாமிரபரணி கரையை மறந்து ஊருக்குள் நடந்த நாட்கள் அவை. குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூழ்கடிப்பது எங்களுக்குப் பழக்கந்தான். ஆற்றுக்கு நடுவில் குடியிருக்கிறவர் அவர்; ஆறு வந்து பார்த்துவிட்டுப் போகும். அந்தத் தடவை அது எல்லார் வீட்டுக்கும் வந்தது. அரிசி போயிற்று, கட்டில் போயிற்று. அவற்றையெல்லாம் மறுபடி வாங்கிவிடலாம். அலமாரியின் அடித்தட்டில் இருந்த கல்யாண ஆல்பத்தை எந்தக் கடையில் வாங்குவது?

ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி அண்ணாச்சியைத் தேடிக்கொண்டு வந்தார். அவருடைய தாயார் தகப்பனார் கல்யாணத்தை 1987-ல் எடுத்தவர் அண்ணாச்சி. தாயார் காலமாகிவிட்டார். வெள்ளத்தில் ஆல்பம் கூழாகிவிட்டது. "நெகடிவ் ஏதாவது இருக்குமா மாமா?" என்று கேட்டார்.

இருந்தது. அண்ணாச்சி கணக்கு நோட்டுப் போட்டவர். தேதி, பார்ட்டி பெயர், சுருள் நம்பர் எல்லாம் வரிசையாக இருக்கும். பிஸ்கட் டப்பாக்களில் அடுக்கி, பரண் மேல் வைத்திருந்தார். சுருளும் அகப்பட்டது. ஆனால் அதைப் படமாக்குவதற்குப் பழைய இருட்டறை ஏது, மருந்து ஏது, காகிதம் ஏது? அந்தப் பெண்மணி பிலிமை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். ஆரஞ்சு நிறத்தில், வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தலைகீழான மனிதர்கள். யார் அம்மா, யார் அப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி பார்த்த மாத்திரத்தில் சொன்னார். தலைகீழ் முகங்களையே படித்துப் பழகியவர் அல்லவா?

எனக்குக் கையேட்டின் ஒரு பக்கம் நினைவுக்கு வந்தது. டி850-ல் நெகடிவைப் பார்த்தே படமெடுக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கலர் நெகடிவுக்கு ஒன்று, கறுப்பு வெள்ளைக்கு ஒன்று. காமிராவே ஆரஞ்சுச் சாயத்தை நீக்கி, நிறங்களைத் திருப்பி, நேர்ப்படமாகத் திரையில் காட்டிவிடும். பிலிமை லென்ஸின் முன்னால் பொருத்த ஒரு தனிக் கருவியையும் அந்தக் கம்பெனியே விற்றது. எங்களிடம் அது இல்லை. பைக்குள் மருமகன் போட்டு வைத்திருந்த 60 மில்லிமீட்டர் மைக்ரோ லென்ஸ் இருந்தது. அண்ணாச்சியிடம் நெகடிவில் பென்சில் வேலை செய்கிற பழைய ரீடச்சிங் பெட்டி இருந்தது. அதன் வெள்ளைக் கண்ணாடியை ஜன்னல் பக்கம் சாய்த்து, பகல் வெளிச்சம் அடியிலிருந்து சீராக வரும்படி செய்தார். காமிராவைக் குனிந்து பார்க்கிற மாதிரி ஸ்டாண்டில் மாட்டினோம்.

காமிரா கோணாமல் இருக்க வேண்டும். கொத்தனாரின் ரசமட்டம் போல, இந்தக் காமிராவுக்குள்ளேயே மட்டம் காட்டுகிற வசதி உண்டு. சுலோச்சன முதலியார் பாலத்தை எடுக்கிறபோது ஆற்றின் நீர்க்கோடு சாயாமல் காப்பாற்றுவது அதுதான். ஆனால் செங்குத்தாகக் கீழே குனிந்துவிட்டால் அதன் கணக்குத் தவறிவிடும் என்று கையேடே ஒப்புக்கொள்கிறது. அண்ணாச்சி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து, பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். பார்வைத் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு, லென்ஸின் பிம்பம் கண்ணாடியின் நடுமையத்தில் தெரிகிறவரை காமிராவை அசைத்தார். "இப்போ நேராயிருச்சு" என்றார். அந்த வித்தை எந்தக் கையேட்டிலும் என் கண்ணில் பட்டதில்லை.

சுருளில் பாதி ஈரம் பாய்ந்து ஒட்டிப் போயிருந்தது. பதினொரு படங்கள் தேறின. முதல் படம் திரையில் திரும்பியதும் அரக்குப் பட்டும் தாழம்பூச் சடையும் தெரிந்தன. ஓரத்தில் பூஞ்சை படர்ந்திருந்தாலும் முகத்துக்கு ஒரு சேதமும் இல்லை. அந்தப் பெண்மணி குனிந்து பார்த்தார். அழுவார் என்று எண்ணினேன். அவர் சிரித்தார்.

"அம்மா என்னைவிடச் சின்னவளா இருக்கா" என்றார்.

கடைசியில் எல்லாரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கலாம் என்றேன். அண்ணாச்சி காமிராவை வாங்கி ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்தார். பத்து விநாடி பொறுத்துத் தானே எடுக்கும்படி திருகினார். பிறகு பார்வைத் துளையின் அருகே விரலால் எதையோ தேடினார். அங்கே ஒரு சின்ன நெம்பு இருக்கிறது. அதைத் தள்ளினால் துளை மூடிக்கொள்ளும். கண் வைக்காமல் விட்டுப் போனால் பின்புறமாக வெளிச்சம் நுழைந்து காமிராவின் கணக்கைக் கெடுத்துவிடும்; அதற்காக ஏற்பட்டது அது. பழைய நல்ல காமிராக்கள் சிலவற்றிலும் உண்டு. அது இருக்கிறதென்று நான் அவருக்குச் சொல்லவில்லை. விரலே கண்டுபிடித்து, மூடியது.

படம் எடுப்பவரும் படத்தில் வந்து நிற்க ஆசைப்படுவார் என்று நினைத்து ஒருவர் அந்தச் சின்னக் கதவை வைத்திருக்கிறார். ஐம்பது வருஷமாக ஊரார் கல்யாணங்களில் சட்டத்துக்கு வெளியிலேயே நின்றவர், வேட்டியைச் சரிசெய்துகொண்டு வேகமாக வந்து, அந்தப் பெண்மணிக்கும் எனக்கும் நடுவில் நின்றார். விளக்கு மினுக்கத் தொடங்கியது.

"கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று எங்கள் இருவருக்கும் உத்தரவு போட்டார்.

மருமகனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஊர் திரும்பியதும் அவன் இஷ்டப்படி இஸட் 9 வாங்கிக்கொள்ளட்டும். இந்தக் காமிராவை விற்பதாக இருந்தால், முதலில் என்னிடம் விலை கேட்க வேண்டும். பரண் மேல் இன்னும் பதினேழு பிஸ்கட் டப்பாக்கள் இருக்கின்றன.